மஞ்சள் கோட்டின் மேல் ஒரு கட்டில்

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்துக்கு நடுவே ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறது. மனித உடம்புக்குள் இல்லை, ஐந்தாவது மாடித் தரையில். லிப்ட் கதவைத் திறந்ததும் காலடியில் தொடங்கி, வார்டு நெடுகப் போய், கடைசி ஜன்னலுக்குக் கீழே சுவரில் முட்டி நிற்கும். கோட்டுக்கு இடப்பக்கம் முடிச்சுப் பிரிவு, வலப்பக்கம் குழாய்ப் பிரிவு.

சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டுகிற நுண்ணிய முடிச்சுகள் இருக்கின்றனவாம். அவற்றிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பி வளைந்து நெளிந்து போகின்றனவாம். முடிச்சு கெட்டவர்கள் இடப்பக்கம் படுக்க வேண்டும், குழாய் கெட்டவர்கள் வலப்பக்கம். இரண்டும் கெட்டவர் எங்கே படுப்பார் என்று நான் கேட்டேன். "எது முதல்ல கெட்டுச்சோ அந்தப் பக்கம்" என்றார்கள், ரயிலில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று சொல்வதுபோல.

முன்பு அது ஒரே பிரிவாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு பெரிய டாக்டர்கள் ஒரே தலைமை நாற்காலிக்கு அடித்துக்கொண்டார்கள். நாற்காலியை இரண்டாகப் பிளக்க முடியாது என்பதால் சிறுநீரகத்தைப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டார் இயக்குநர். அதோடு விட்டாரா? நாளைக்கு மருந்துக்காகச் சண்டை வரக்கூடாது என்று ஒரு விதியும் போட்டார். ஊசியில் ஏற்றுகிற சத்து எதுவானாலும், அது உடம்பில் இயற்கையாக எந்த இடத்தில் ஊறுகிறதோ, அந்த இடத்துக்குச் சொந்தமான பிரிவுதான் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குப் பிறப்பிட விதி என்று பெயர்.

அந்த மஞ்சள் கோட்டைப் போட்டவர் என் அத்தான். அக்காவின் புருஷன், பெயின்டர். ஸ்ட்ரெச்சர் சக்கரம் உரசி உரசிக் கோடு தேய்ந்துபோகும் என்பதால், வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கும் ஒப்பந்தமும் அவரிடம்தான் இருந்தது. முட்டியில் பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டு (டயர் உபயம் நான், பஞ்சர் கடை வைத்திருக்கிறேன்) தரையில் நகர்ந்து நகர்ந்து இழுப்பார். பிரஷ்ஷை வைத்தால் கோடு முடிகிறவரை எடுக்க மாட்டார். யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். "நடுவுல எடுத்தா ஒட்டு தெரியும் மச்சான். அப்புறம் பார்க்கறவன் கண்ணு அங்கேயே போய் நிக்கும்" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒருநாள் ஏணியில் பாதி ஏறி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. கன்னத்தில் சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று நினைத்து அக்கா முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அப்படியே இருந்தது. முகமே அந்த நிறத்துக்குப் போய்விட்டிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு சின்ன டாக்டர் இருந்தார், இன்னும் கெட்டுப்போகாத பிள்ளை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"சிறுநீரகம் வெறும் வடிகட்டி இல்லம்மா. உடம்புல சிலதை வளரச் சொல்ற சத்துகளையும் அதுதான் உண்டாக்குது. வளர்ச்சிக்காரணின்னு சொல்வோம். அதுல ஒண்ணு, எலும்புக்குள்ள போய் 'ரத்தத்தை வளர்த்துக்கோ'ன்னு சொல்லும். இவருக்கு வடிகட்டற வேலை ஏதோ பாதி நடக்குது. ஆனா ரத்தத்தை வளரச் சொல்ற குரல் அடைச்சுப்போச்சு. அந்தக் காரணி ஊசியாவே இருக்கு. போட்டுக்கிட்டே வந்தா ரெண்டு மூணு மாசத்துல ஏணி ஏறிடுவார்."

"மருந்து கிடைக்குமா தம்பி?" என்றாள் அக்கா.

"அதோ இருக்கே" என்று கைகாட்டினார். வார்டிலேயே, சுவரோரம், கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. உள்ளே குட்டிக் குட்டிப் புட்டிகள் வரிசையாக நின்றன. கதவில் பூட்டுத் தொங்கியது.

"அப்ப போட்டுடுங்களேன்."

சின்ன டாக்டர் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அத்தான் போட்ட கோடுதான் தெரிந்தது.

முதலில் முடிச்சு டாக்டரைப் போய்ப் பார்த்தோம். பெரிய மனுஷர். மேஜையில் கண்ணாடிக் குண்டு மாதிரி ஒரு முடிச்சுப் பொம்மை வைத்திருந்தார்.

"எனக்கு இரக்கம் இல்லேன்னு நெனைக்காதீங்கம்மா. இதே நாற்காலியில உட்கார்ந்து எத்தனையோ பேருக்காக அழுதிருக்கேன். எங்க முடிச்சுக்குள்ளயும் வளர்ச்சிக்காரணி ஊறுது. முடிச்சைத் தாங்கிப் பிடிக்கிற அணுக்கள் இருக்கு பாருங்க, அது ஊறவைக்குது. அதுல ஏதாவது குறையா? சொல்லுங்க, இந்த நிமிஷமே கையெழுத்து! ஆனா இந்த ரத்தக் காரணி இருக்கே, அது முடிச்சுல ஊறலயே. நான் தேடாமலா இருந்தேன்? பாதி ஆயுசு தேடினேன். எனக்குப் பட்டம் கொடுத்ததே அதுக்குத்தான். 'முடிச்சில் அது ஊறவில்லை'ன்னு முந்நூறு பக்கம் எழுதியிருக்கேன். இப்ப உங்க வீட்டுக்காரருக்காக ஊறுதுன்னு கையெழுத்துப் போட்டா, அந்தப் பட்டத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

குழாய் டாக்டர் அப்படி இல்லை, சிரித்த முகம். எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார்.

"குழாய்னா சாதாரணம்னு நெனைக்கறாங்க. முடிச்சைத் தாண்டி தூரமா வளைஞ்சு போற குழாய் இருக்கே, அங்க ஒரு வளர்ச்சிக்காரணி ஊறுது. கடைசியா எல்லாம் சேர்ற குழாய்ல இன்னொண்ணு. ரெண்டும் நம்ம சொத்து. முடிச்சுக்காரன் கணக்கு காட்டட்டும் பார்ப்போம்! ஆனா உங்க வீட்டுக்காரருக்கு வேண்டியது குழாய்க்குள்ள ஊறறதில்ல. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவுல சந்து இருக்கு. அந்தச் சந்துல சில அணுக்கள் உட்கார்ந்துக்கிட்டு அதை ஊறவைக்குது. அது எங்களுக்கு நல்லாவே தெரியும். எங்க வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவுல குப்பை கிடந்தா, நானாம்மா போய்க் கூட்டணும்?"

"குப்பை இல்ல சார். என் புருஷன் உயிரு" என்றாள் அக்கா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்ப அந்தச் சந்து யாருது?"

குழாய் டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான கேள்வி! இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்கலம்மா" என்று சொல்லி, அந்தக் கேள்வியைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றாவது மாடியில் ரத்தப் பிரிவு. ரத்தம் குறைந்தால் ரத்தப் பிரிவுதானே பார்க்க வேண்டும் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது. அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காரணி எங்க இடத்துக்கு வரும், வேலை பார்க்கும், போகும். எங்ககிட்ட பிறக்கலையே? வந்துபோற விருந்தாளிக்கெல்லாம் நான் அப்பன்னு கையெழுத்துப் போட முடியுமா?" என்றார். ரத்தமாவது ஏற்றுங்கள் என்றேன். எந்தப் பிரிவின் குறைபாட்டால் ரத்தம் குறைந்தது என்று அந்தப் பிரிவே எழுதிக் கொடுத்தால் தாராளமாக ஏற்றலாம் என்றார். மறுபடி ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். லிப்ட் அன்றைக்கு வேலை செய்யவில்லை.

வீட்டுக்காவது கூட்டிக்கொண்டு போகிறோம், வேறு இடம் பார்க்கிறோம் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். "எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாத நோயாளியை எந்தப் பிரிவும்மா அனுப்பி வைக்கும்? நமக்குச் சொந்தமில்லாததை நாம எடுத்துக் கொடுத்தா திருட்டு ஆயிடாதா?" என்று தலைமை நர்ஸ் திருப்பிக் கேட்டாள். வாசல் காவலாளியோ சீட்டு இல்லாமல் ஒரு தலையணையைக்கூட வெளியே விடமாட்டான்.

சின்ன டாக்டருக்குப் பொறுக்கவில்லை. பூட்டை உடைத்துவிடுகிறேன் என்று ஒருநாள் சத்தம் போட்டார். மறுநாள் அவரைப் பல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் அத்தானின் கட்டிலை நகர்த்தினார்கள். இடப்பக்கம் போட்டால் முடிச்சுப் பிரிவு பொறுப்பு, வலப்பக்கம் போட்டால் குழாய்ப் பிரிவு பொறுப்பு. ஆகவே நட்ட நடுவில், கோட்டின் மேலேயே போட்டார்கள். இரண்டு கால் அந்தப் பக்கம், இரண்டு கால் இந்தப் பக்கம். காலையில் முடிச்சு நர்ஸ் வந்து இடது கையில் நாடி பார்ப்பாள். பிறகு குழாய் நர்ஸ் வந்து வலது கையில் பார்ப்பாள். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். போர்வைகூட ஆளுக்குப் பாதி. ஒரு தோள் மூடியிருக்கும், மறு தோளுக்குச் சலவையிலிருந்து வர வேண்டியிருக்கும். அக்கா தன் முந்தானையால் அந்தத் தோளை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலைமாட்டில், கைக்கெட்டும் தூரத்தில், குளிர்பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும்.

அத்தான் மட்டும் சிரித்தார். "கோட்டை நல்லாப் போட்டிருக்கேன் மச்சான். இல்லேன்னா கட்டிலை இவ்வளவு கரெக்டா நடுவுல போட முடியுமா?" அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

என் எரிச்சலை இயக்குநர் அறை வாசலில் கொட்டினேன். கத்தினேன் என்றே சொல்லலாம். கத்தியதற்குப் பலன் இருந்தது. வளர்ச்சிக்காரணிப் பிறப்பிட ஆய்வுக் குழு என்று ஒன்றைப் போட்டுவிட்டார்கள்.

குழு மாநாட்டு மண்டபத்தில் கூடியது. மேடையில் ஆள் உயரத்துக்குத் துணியில் தைத்த சிறுநீரகம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். முடிச்சுகள் சிவப்பு, குழாய்கள் நீலம். நடுச் சந்துக்கு என்ன நிறம் என்று முடிவாகாததால் பஞ்சு வெளியே தெரிகிற மாதிரி அப்படியே விட்டிருந்தார்கள். இயக்குநர் விளக்கேற்றுகிற பாவனையில் ஒரு சுவிட்சைத் தட்டினார், சந்துக்குள் குட்டி பல்பு எரிந்தது. கைதட்டினார்கள்.

அக்காவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பாதிக்கப்பட்ட தரப்பாம்.

"உங்க கணவரோட ரத்தக் காரணி எந்த இடத்துல ஊறிச்சுன்னு உங்களுக்குத் தனிப்பட்ட முறையில தெரியுமா?" என்றார் முடிச்சு டாக்டர்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? டாக்டருங்க நீங்கதான சந்துலன்னு சொன்னீங்க?"

"நாங்க பொதுவா எல்லா மனுஷங்களுக்கும் சொன்னோம். இவருக்குன்னு யாரும் சொல்லலையே."

"அவரும் மனுஷன்தாங்க" என்றாள் அக்கா. மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் அதைக் குறித்துக்கொண்டார், விவாதத்துக்குரியது என்று.

பிறகு இயக்குநர் பேசினார். நல்ல பேச்சாளர். எனக்கே ஒரு நிமிஷம் கண் கலங்கியது.

"இந்த நிறுவனத்துல எந்த நோயாளியும் கைவிடப்பட்டதா சரித்திரம் கிடையாது. ஏன்? கைவிடறதுக்கும் ஒரு கை வேணும். கையே போடாத இடத்துல கைவிட்டதா எப்படிச் சொல்ல முடியும்? மருந்து இருக்கு. டாக்டர் இருக்காங்க. நோயாளியும் இருக்கார், ஒத்துழைச்சிக்கிட்டு. அந்த மூணையும் சேர்த்து வைக்கிற விதி ஒண்ணுதான் இல்லை. அவசரப்பட்டு ஊசியைப் போட்டுட்டு அவர் பிழைச்சுட்டார்னு வைங்க, அந்தப் பிழைப்பு எந்தப் பிரிவோட சாதனை? நாளைக்கு ரெண்டு பேரும் உரிமை கொண்டாடுவாங்க. மறுபடி சண்டை வரும். நான் இருக்கறவரைக்கும் அதை அனுமதிக்க மாட்டேன்."

குழு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது என்னவோ உண்மை. ரத்தக் காரணி சந்தில்தான் ஊறுகிறது, முடிச்சிலும் இல்லை, குழாயிலும் இல்லை என்று ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள். ஆரம்பத்திலேயே குழாய் டாக்டர் எங்களிடம் சொன்னதுதான். ஆகவே சந்துப் பிரிவு என்று மூன்றாவதாக ஒரு பிரிவு தொடங்கப்படும், அதன் தலைவர் உடனே ஊசிக்குக் கையெழுத்துப் போடுவார். அக்கா கும்பிட்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

தலைவரைக்கூடச் சட்டென்று பிடித்துவிட்டார்கள், இயக்குநரின் மருமகன். மேஜை வந்தது, மேஜை மேல் மணி வந்தது. ஊசிச் சீட்டை அவர் முன்னால் நீட்டினேன். பேனாவைத் திறந்தவர் மறுபடி மூடிவிட்டார்.

"எல்லை எங்க?" என்றார்.

பிரிவு என்றால் எல்லை வேண்டும். இருப்பது ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கம்தான் உண்டு, நடு கிடையாது. இன்னொரு கோடு, பக்கத்திலேயே, லிப்ட் வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் போட்டால்தான் நடுவில் சந்து உண்டாகும். கோடு சுவரைத் தொடுகிற நிமிஷத்தில் பிரிவு உயிர்பெறும்.

"இப்பவே போட்டுடறேன்" என்று நான் கிளம்பினேன். இயக்குநர் தடுத்துவிட்டார். ஐந்தாவது மாடித் தரையில் கோடு போடும் உரிமை ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு மட்டுமே உண்டு. அவர் உயிரோடு இருக்கும்போது வேறு யாராவது பிரஷ் வைத்தால் அந்தக் கோடு செல்லாது. ஒப்பந்தக்காரர் யார் என்று மருமகன் கேட்டார். நான் கட்டிலைக் காட்டினேன்.

"நல்லதாப் போச்சு, இங்கேயே இருக்கார்" என்றார் அவர்.

அக்கா கத்திய கத்து கீழே தெருவுக்குக் கேட்டிருக்கும். "எந்திரிச்சு உட்கார முடியாத மனுஷனைக் கோடு போடச் சொல்றீங்களே, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல என்ன இருக்கு?" நெஞ்சு அவர்கள் பிரிவு இல்லை, அது இரண்டாவது மாடி.

அத்தான்தான் அவள் கையைப் பிடித்தார். "விடும்மா. கோடுதானே. உட்கார்ந்துக்கிட்டே இழுத்துடறேன். அப்புறம் ஊசி போட்டுடுவாங்க இல்ல?"

நானும் சேர்ந்து அவரை இறக்கினேன். வேறு என்ன செய்வது? முட்டியில் டயர்த் துண்டைக் கட்டினேன். இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காய்ந்த துணியைத் தூக்குவது மாதிரி கனமே இல்லை. அக்கா பெயின்ட் டப்பாவோடு பக்கத்திலேயே நகர்ந்தாள். இடப்பக்கம் முடிச்சு டாக்டர் நின்றார், வலப்பக்கம் குழாய் டாக்டர் நின்றார், அங்குலம் இந்தப் பக்கம் வருகிறதா அந்தப் பக்கம் போகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு. மருமகன் எதிர்ச் சுவரில் சாய்ந்து பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். பாவம், அவரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்.

அத்தான் பிரஷ்ஷை வைத்தார். கை நடுங்கியது, கோடு நடுங்கவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. லிப்ட் வாசலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, குளிர்பெட்டியைத் தாண்டினார். உதடு நீலம் பூத்துவிட்டது.

"கொஞ்சம் நிறுத்தி மூச்சு விடுங்க அத்தான். பிரஷ்ஷை எடுங்க."

"எடுத்தா ஒட்டு தெரியும் மச்சான்."

"தெரிஞ்சா தெரியட்டும்! எடுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் எடுக்கவில்லை. பாதிக்கு மேல் வந்துவிட்டார். கடைசி ஜன்னல் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது என் கைகளுக்குள் இருந்த உடம்பு மெதுவாக முன்னால் சாய்ந்தது. பிரஷ்ஷை அழுத்திப் பிடித்தபடியே நெற்றி தரையில் போய் முட்டியது. ஏதோ கோட்டை உற்றுப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா டப்பாவைப் போட்டுவிட்டாள்.

முடிச்சு நர்ஸ் இடது கையைப் பார்த்தாள். குழாய் நர்ஸ் வலது கையைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா அழுதாள். நான் அழுதேன். டாக்டர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கால் மடக்கிக் குனிந்து, தலை எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுந்திருந்தது. ஆகவே இறப்புச் சான்றிதழ் சந்துப் பிரிவு கொடுக்க வேண்டும், உடலையும் அவர்கள்தான் விடுவிக்க வேண்டும். ஆனால் கோடு சுவரைத் தொடாததால் சந்துப் பிரிவு இன்னும் பிறக்கவில்லை.

"கோட்டை யாராவது முடிச்சாத்தான் அவரைக் கொண்டுபோக முடியும்" என்றார் இயக்குநர், மெல்லிய குரலில். துக்கம் தெரிந்தவர். "ஒப்பந்தக்காரர் இறந்துட்டா குடும்பத்துல ஒருத்தர் மிச்ச வேலையை முடிக்கலாம். விதியில இடம் இருக்கு. எல்லாத்துக்கும் இடம் வச்சுத்தான் எழுதியிருக்கோம்."

அத்தானின் விரல்களைப் பிரித்து பிரஷ்ஷை எடுத்தேன். சிந்திக் கிடந்த பெயின்ட்டில் தோய்த்தேன். நான் டயர் ஒட்டுகிறவன், எனக்குக் கோடு வராது. கண்ணீர் வேறு. எப்படியோ இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் முட்டவைத்தேன்.

மருமகன் உடனே மணியை அடித்தார். கையெழுத்துப் போட்டார். உடலை விடுவிக்கும் சீட்டில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, அதற்கடியில் ஏற்கெனவே வரிசையில் காத்திருந்த ஊசிச் சீட்டிலும் ஒன்று. பிரிவின் முதல் நாள் இல்லையா, எதையும் நிலுவையில் வைக்க அவர் விரும்பவில்லை. யாரோ சாவியோடு ஓடினார்கள். குளிர்பெட்டி திறந்தது. புது நர்ஸ் ஒருத்தி, அன்றைக்குத்தான் சந்துப் பிரிவில் சேர்ந்தவள், தட்டில் புட்டியும் ஊசியுமாக வேகமாக வந்தாள்.

"பேஷண்ட் யாரு?" என்றாள்.

அக்கா எழுந்துபோய் அந்தப் புட்டியைக் கையில் எடுத்தாள். இத்தனை நாள் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்ததுதான், தொட்டதில்லை. உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள், புட்டி இருக்கிற இடமே தெரியவில்லை. மறுபடி விரித்துப் பார்த்தாள்.

"இத்தனூண்டா?" என்றாள் என்னிடம். "இத்தனூண்டுக்கா தம்பி?"

தட்டில் திருப்பி வைத்துவிட்டு, குனிந்து தரையைப் பார்த்தாள். நான் இழுத்த பகுதி பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போயிருந்தது.

"அவர் போட்ட வரைக்கும் நேரா இருக்கு பாரு" என்று சொல்லி, அத்தானின் முட்டியிலிருந்து டயர்த் துண்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.